மான் வால் இல்லாமல் ஜிக் கட்ட, திருகோணமலையில் என்னென்ன கிடைக்கும்?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிண்ணியாப் பாலத்திலும் டச்பே பக்கத்துப் பாறைகளிலும் ரொட் போட்டு மீன் பிடிக்கிறவர். ஜிக் என்பது தூண்டில் முள்ளில் ஈயத் தலை வைத்து, மயிரோ இறகோ கட்டிய செயற்கை இரை. கடை ஜிக்கின் விலை கட்டுப்படியாகவில்லை என்று வீட்டிலேயே கட்டத் தொடங்கியிருக்கிறார். வீடியோக்களில் எல்லாரும் 'பக்டெயில்' என்று மான் வால் மயிரைக் காட்டுகிறார்கள். அது இங்கே கிடைக்காது. ஆட்டு மயிரில் கட்டினால் கொஞ்ச எறிவிலேயே உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆகவே அவருக்கு மூன்று கேள்விகள்: மான் வாலுக்குப் பதில் என்ன, மயிர் ஏன் கழன்றது, ஈயத்தை வீட்டில் உருக்கலாமா.

மயிரைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் தேடுவேன். ஜிக்கில் காசு போக வேண்டிய இடம் தூண்டில் முள். அதற்கு அடுத்தது நூல். மிச்சமெல்லாம் வலைக்கடை, இறைச்சிக்கடை, பொட்டும் வளையலும் விற்கும் ஃபேன்சிக் கடை என்று டவுனைச் சுற்றினால் சில்லறைக்கு அகப்படும், சிலது சும்மாவே கிடைக்கும். மீன் வந்து இது மானா ஆடா என்று விசாரிப்பதில்லை. ஜிக் விழும் வேகம், தண்ணீருக்குள் அதன் அசைவு, அதன் உருவம், வெளிச்சத்துக்கு எதிரே அது தெரியும் விதம், இவ்வளவுதான் மீனுக்கு. எந்தப் பொருள் இவற்றில் எதைத் தரும் என்று தெரிந்தால் மான் வால் இல்லாத கவலை தீர்ந்தது.

முதலில் கழன்ற மயிரைப் பார்ப்போம். பக்டெயில் என்பது அமெரிக்க வெண்வால் மானின் வால் மயிர். அதன் அடிப்பகுதிக்குள் காற்றறைகள் இருக்கும். நூலை இறுக்கும்போது அந்த இடம் நசுங்கி நூல் உள்ளே பதிந்துகொள்ளும், நுனிப்பக்கம் தானாக விரியும். ஆட்டு மயிர் அப்படி நசுங்காது. மெல்லியது, வழுக்கும், போதாததற்கு எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். மான் மயிரைக் கட்டுகிற மாதிரியே ஒரு பெரிய பிடியை வைத்து மேலால் சுற்றினால், வெளிச்சுற்று மயிர்தான் இறுகும். நடுவில் இருப்பது எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. ஒரு பாரைக்குஞ்சு கவ்வி இழுத்தால் நடு மயிர் முதலில் உருவும், அந்த இடம் வெறுமையாகிக் கட்டுத் தளரும், பிறகு மொத்தமும் வரும்.

பரிகாரம் மூன்று, மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் மயிரை நன்றாக அலசி, பிசுக்குப் போனபின் நிழலில் காய வையுங்கள். கட்டும்போது ஒரே பிடியாக வைக்காமல், தீக்குச்சிப் பருமனுக்குச் சின்னச் சின்னக் கொத்தாக வைத்து, ஒவ்வொரு கொத்துக்கும் நாலைந்து சுற்றுப் போட்டு, வெட்டிய அடியில் ஒரு சொட்டு சுப்பர் குளூ விடுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: தேவையான நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள கொத்தை எடுத்து, அதன் நடுவில் கட்டி, முன்பக்கம் நீட்டி நிற்கும் பாதியைப் பின்னால் மடக்கி, மடிப்பின் மேல் திரும்பவும் கட்டுங்கள். மடிந்த மயிர் உருவ வேண்டுமானால் நூலே அறுந்தாக வேண்டும். நைலோன் மயிர், சவுரி, கயிற்று நார் என்று வழுக்குகிற எதற்கும் இதே கட்டுத்தான். நீளம் போதாத மயிரில் மட்டும் இது முடியாது. அதற்குச் சின்னக் கொத்தும் பசையும்தான் கதி.

அப்புறம் நூல். தையல்கடை நூல் எல்லாம் ஒன்றல்ல. பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து காய்ந்து இற்றுப்போகும். மெஷின் எம்பிராய்டரிக்கு வரும் மினுமினுப்பான நூல் பெரும்பாலும் ரேயன். பார்க்க அழகு, ஆனால் நனைந்தால் அதன் பலத்தில் பெரும்பங்கு போய்விடும். பொலியெஸ்டர் நூல் பரவாயில்லை: அதிகம் இழுபடாது, தண்ணீரை உறிஞ்சாது, வெயிலையும் தாங்கும். ஆனால் சாதாரணத் தையல் நூல் முறுக்கியது, உருண்டையானது. சுற்றுக்கு மேல் சுற்று ஏறி, தலைக்குப் பின்னால் மயிர் கட்டும் கழுத்துப் பகுதி தடித்துவிடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வலைக்கடைக்குப் போய் வலை பொத்துகிற நைலோன் நூல் கேளுங்கள். அது 210/6, 210/9 என்று எண் போட்டு வரும். முதல் எண் டெனியர், அதாவது அந்த இழையில் 9,000 மீட்டரின் நிறை 210 கிராம். இரண்டாவது எண், அப்படிப்பட்ட எத்தனை இழையைச் சேர்த்து முறுக்கியிருக்கிறது என்பது. முறுக்கைப் பிரித்து ஒரேயொரு இழையை எடுத்தால் உங்கள் கையில் இருப்பது 210 டெனியர் நைலோன் இழை. வெளிநாட்டில் ஜிக் கட்டவென்றே சின்னச் சின்ன ரீலில் விற்கிற நூலிலும் இந்தப் பருமன் உண்டு. முறுக்கு இல்லாததால் அது தட்டையாகப் படியும், நன்றாக இறுகும். நைலோன் கொஞ்சம் இழுபடும். அது இங்கே நல்லதுதான், இழுத்துச் சுற்றினால் திரும்பச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கை நீளம் பிரித்து, மெழுகுத் துண்டொன்றில் இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரீலில் பழசாகிப்போன பிரெய்ட், அதாவது பின்னல் தூண்டில் நூல், இருந்தால் அதையும் வீசாதீர்கள். பத்து, பதினைந்து இறாத்தல் பிரெய்ட் அறுவது அரிது, ஆனால் வழுக்கும். அடித்தளமாக இரண்டடுக்கு நைலோன் நூல் சுற்றி அதன் மேல் பிரெய்ட் போட்டால் நிற்கும். கெவ்லார் நூலை ஜிக் கழுத்துக்கு நான் விரும்புவதில்லை. பலம் உண்டு, ஆனால் வெயிலில் கெடும், கத்தரிக்கோலின் வாயையும் மழுக்கிவிடும்.

தூண்டில் முள்ளுக்கு வருவோம், கஞ்சத்தனம் செய்யக்கூடாத இடம் இது. உள்துறைமுகத்தில் சின்னப் பாரைதானே என்று மெல்லிய முள்ளைக் கட்டி வைத்தால், கொடுவா ஒன்று வந்து அதை நிமிர்த்திவிட்டுப் போகும். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கட்டிய வேலை ஒரு விநாடியில் போய்விடும். கடையில் வாங்கும்போது ஒரு முள்ளைப் பிளையரில் பிடித்து வளைத்துப் பாருங்கள். சற்று விட்டுக்கொடுத்துத் திரும்ப வந்தால் நல்லது. அப்படியே வளைந்து நின்றால் பதம் போதாது, பட்டென்று முறிந்தால் மிதமிஞ்சிய பதம், இரண்டும் வேண்டாம். பூச்சையும் பார்க்க வேண்டும். மண்ணிற வெண்கலப் பூச்சு நன்னீருக்கானது, நம் கடலில் சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு மயிரில் இறங்கி வெள்ளை ஜிக்கைச் செம்மஞ்சளாக்கும். வெள்ளீயம் பூசியதைத் தேடுங்கள். கறுப்பு நிக்கல் கூர்மையில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவாவிட்டால் நிற்காது. மஸ்டாட் முள் இங்கே பழக்கமானது. அதிலும் கடல் மீனுக்கான தடித்த கம்பியா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

அளவு எண்ணில் புதியவர்களுக்குக் குழப்பம் வருவது வழக்கம். 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெருக்கும்; அதற்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக்கூடப் பெருக்கும். பாலத்துக்கும் பாறைக்கும் 2/0, 3/0 போதும். அறுக்குளாவுக்கு வள்ளத்தில் போவதானால் 4/0, 5/0.

ஜிக்குக்கென்று வரும் முள்ளில் காதுக்கு, அதாவது தூண்டில் நூல் கட்டும் துளைக்கு, கீழே தண்டு மடிந்திருக்கும், 90 பாகை அல்லது 60 பாகை. அந்த மடிப்பால்தான் தங்கூசி மேலிருந்து இழுக்க, முள்ளின் கூர் மேலே பார்த்துக்கொண்டு வரும், பாறையில் சிக்குவதும் குறையும். அது கிடைக்காவிட்டால் நேரான முள்ளை நெருப்பில் காட்டி மடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சூடு காட்டிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும். நேரான நீளத்தண்டு முள்ளை அப்படியே வைத்து வேறு மாதிரி ஜிக் கட்டலாம். அதை ஈயத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

ஈயத்தை வீட்டில் உருக்கலாமா என்றால், கட்டப் பழகும் காலத்தில் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், அது கேஸ் அடுப்பிலேயே எட்டிவிடும் சூடு. ஆபத்து அந்த இலகுவில்தான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்குள் போனால் அந்தக் கணமே நீராவியாகி ஈயத்தை முகத்துக்கு எற்றும். மாரி காலத்து ஈரக்காற்றில் சரியாகக் காயாத பிளாஸ்டர் அச்சும் இதையே செய்யும். இது தவிர, மேலே மிதக்கும் சாம்பல் போன்ற கசடும் தூசும் கையோடும் உடுப்போடும் வீட்டுக்குள் வரும். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு உட்கொண்டால் பாதிப்பில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. சமையலறைக்குள் இந்த வேலைக்கு இடமே இல்லை. பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். அதில் கந்தக அமிலம், ஈயத் தூள், சேர்மானமாக அன்ரிமனி, சிலவற்றில் ஆசனிக்கும் இருக்கும்.

உருக்காமல் செய்யும் வழி இதுதான். வலையின் அடிக்கயிற்றில் போடும் ஈயத்தை நிறை பார்த்து வாங்குங்கள். அது மிருதுவானது. ஒரு பக்கம் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, நேரான முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் தண்டின் மேல் வைத்து, பிளையரால் நசுக்கி மூடுங்கள். ஈயத்தின் பெரும்பகுதி முள்ளின் கூருக்கு எதிர்ப்பக்கம் தொங்க வேண்டும், அப்போதுதான் கூர் மேலே நிற்கும். நசுக்குவதற்கு முன் தண்டில் நூலை இறுக்கிச் சுற்றி அரல்டைட் (இரண்டைக் கலந்து பூசும் பசை) பூசிக்கொண்டால் ஈயம் சுழலாது. அரத்தால் முனையைச் சரிவாக்கினால் தலை ரெடி. இது கிணற்றுக்குள் இறக்குவது போல மேலும் கீழும் குத்தி ஆட்டுவதற்குச் சரிவராது, ஏனென்றால் தங்கூசி நேர் முன்னாலிருந்து இழுக்கிறது. எறிந்து இழுத்து வருவதற்கு நன்றாகவே நீந்தும். பாலத்திலும் டச்பேயிலும் நீங்கள் செய்வது பெரும்பாலும் அதுதானே.

ஈயமே வேண்டாம் என்பவர்கள் வெள்ளீயம் வாங்கி உருக்கலாம். 232 பாகையில் உருகும், நஞ்சு இல்லை. ஆனால் அது இலேசானது: அடர்த்தி ஈயத்துக்கு 11.3, வெள்ளீயத்துக்கு 7.3. ஈயத்தில் 30 கிராம் வரும் அச்சில் வெள்ளீயம் 19 கிராம்தான் வரும். தண்ணீர் தெறிக்கும் ஆபத்து இதற்கும் அப்படியேதான். விலையும் கூட.

நிறை எவ்வளவு என்பதை இடம்தான் சொல்லும். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் கிண்ணியாப் பாலத்தடியில் தம்பலகாமக் குடாவின் தண்ணீர் முழுவதும் ஒரு குறுகிய வாயால் போய்வருவதால் இழுவை பலமாக இருக்கும். அங்கே 20 முதல் 30 கிராம் வரை கையில் வைத்திருங்கள், நீர் நிற்கும் நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிராமில் ஒன்றும். டச்பே பாறையில் அடிக்கடி சிக்கும் என்பதால் 15, 20 கிராம் போதும். சேர்த்து ஒன்றைக் கவனியுங்கள்: மயிரும் நிறையைத் தின்னும். ஒரே தலையில் மயிரைக் கூட்டினால் ஜிக் மெதுவாக விழும், குறைத்தால் விரைவாக விழும். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் மயிரைத் திணிப்பார்கள். ஈரமானபின் பென்சில் பருமனுக்கு மேல் இருந்தால் அது அதிகம்.

இனி மயிர். மான் விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன், ஏனென்றால் திருகோணமலையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கோட்டைக்குள்ளும் கடற்கரை வீதியிலும் புள்ளிமான் ஆளோடு ஆளாகத் திரிகிறது, அதில் கொஞ்சம் மயிர் எடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள். புள்ளிமானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை, தவிர அந்த வால் வெண்வால் மானின் வாலுமல்ல.

ஆடு எங்கும் கிடைக்கும். நீங்கள் எந்த இடத்து மயிரை எடுத்தீர்களோ தெரியாது. வயிற்றுப்பக்கத்து மெல்லிய மயிர் உதவாது, அது நனைந்தால் ஒரே திரியாக ஒட்டிக்கொள்ளும். கிடாயின் தாடியும், முதுகுத் தண்டோடு நிற்கும் நீள மயிரும்தான் வேண்டும். வெள்ளைக் கிடாய் என்றால் விடாதீர்கள், எந்த நிறமும் ஏற்றலாம். ஆட்டு மயிரின் குணம் மென்மை: ரொட்டை அசைக்காமல் விட்டாலும் நீரோட்டத்திலேயே அது ஆடும். மெதுவான தண்ணீரில், உள்துறைமுகத்தில் இரவில், இதை அடிக்க மான் வாலால் முடியாது என்று துணிந்து சொல்வேன். குறை என்னவென்றால் எறியும்போது முள்ளின் வளைவைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். அதற்கு மாட்டு வால் உதவும்.

மாட்டு வாலின் நுனிக் குஞ்சம் தடித்தது, விறைப்பானது, பல்லுக்கும் தாக்குப்பிடிக்கும். பத்துப் பதினைந்து மயிரை மட்டும் முள்ளின் வளைவைத் தாண்டும் நீளத்துக்குக் கீழே கட்டி, அதன் மேல் ஆட்டு மயிரைக் கட்டினால், கீழே உள்ள விறைப்பு மேலே உள்ள மென்மையைத் தாங்கிக்கொள்ளும், சுற்றிச் சிக்காது. கன்றின் வால் கிடைத்தால் இன்னும் நல்லது. அது நெளிநெளியாக இருப்பதால் கொஞ்ச மயிரிலேயே உருவம் பெருத்துத் தெரியும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் முடிந்த கையோடு தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தால் வால் நுனிகளைத் தருவார்கள். ஒரு வருடத்துக்குக் காணும். தோலோடு வந்தால் சதையைச் சுரண்டி, உப்புத் தடவி, நன்றாகக் காய வைத்து, ஒரு பையில் இறுக்கிக் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் போடுங்கள். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், பெட்டி முழுக்கப் பரவும். ஃப்ரீசர் விஷயத்தை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மனிதத் தலைமயிரைக் கேட்பவர்களும் உண்டு. பலன் இல்லை.

கோழி இறகு இந்தக் கதையில் வரும் மலிவான தங்கம். பிறொயிலர் கடையில் கிடைக்கும் வெள்ளை இறகு எல்லாம் ஆறேழு கிழமைக் குஞ்சினுடையது: முற்றாதது, கட்டை, தண்டு மிருது. அதில் எடுக்கத்தக்கது தொடையடியில் உள்ள பஞ்சு இறகு மட்டும். 'மரபு' (marabou) என்று விற்கிறார்களே, அந்தப் பஞ்சு இறகு ஒரு காலத்தில் மரபு நாரையில் எடுத்தது, இப்போது வான்கோழியில் எடுக்கிறார்கள். தொடையடிப் பஞ்சு அதற்கு முழு ஈடு இல்லை என்றாலும் சின்ன ஜிக்குக்குப் போதும். வேண்டியது முற்றிய ஊர்ச்சேவல். கழுத்து இறகு விறைப்பு, குறுகல். முதுகின் கடைசியில் இருபக்கமும் தொங்கும் நீள இறகு மெல்லிய தண்டோடு நெளியும், ஜிக்கின் வாலுக்கு அதுதான். வால் இறகின் வளைந்த நீளம் கண்ணைப் பறிக்கும்; ஆனால் தண்டு தடிப்பு, அசையாது.

ஒவ்வோர் இறகுக்கும் ஒரு உட்குழிவு இருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நாலு இறகை எடுத்து, உட்குழிவு ஒன்றையொன்று பார்க்கக் கட்டினால் வால் ஒல்லியாக, நெத்தலி போல ஒரே கோட்டில் வரும். வெளிப்பக்கம் பார்க்கக் கட்டினால் இறகுகள் விரிந்து நிற்கும், இழுக்கும்போது மூடும், விட்டால் திறக்கும். கலவாய்க்கும் பாறை இடுக்கு மீனுக்கும் இரண்டாவது. எறிந்து வேகமாக இழுப்பதற்கு முதலாவது. தண்டின் அடியைக் கட்டுவதற்கு முன் பல்லாலோ பிளையராலோ தட்டையாக்கினால் சுழலாமல் நிற்கும். இறகின் பலவீனம் பல்: சீலா ஒன்று போதும், நாலு இறகும் பாதியாகும். சீலாவும் அறுக்குளாவும் ஓடும் நாளில் இறகு ஜிக்கைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு நைலோனை எடுங்கள்.

செயற்கை நார்களில் தெரிவு எளிது, ஒரு வாளித் தண்ணீர் போதும். நாரைத் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக்குமிழைப் பிழிந்துவிட்டுப் பாருங்கள். மிதந்தால் பொலிப்ரோப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். தாழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். மிதப்பது ஜிக்கின் வாலைத் தூக்கி வைக்கும், விழுவதை மெதுவாக்கும். அடியில் நிறுத்தி நிறுத்தி இழுப்பதற்கு அது நல்லது. தாழ்வது மெலிந்து நேராக வரும், தண்ணீரை அதிகம் உறிஞ்சாததால் தூரமும் போகும். கழிந்த நைலோன் கயிற்றைப் பிரித்துச் சீப்பால் வாரினால் வெள்ளை நார் வேண்டியமட்டும் கிடைக்கும். உரப் பையின் இழையை மட்டும் எடுக்காதீர்கள். வெயிலில் கிடந்த பை தொட்டாலே தூளாகும், அந்தத் தூள் முழுவதும் கடலுக்குத்தான். ஃபேன்சிக் கடைச் சவுரியிலும் பொம்மைத் தலையிலும் நல்ல நார் உண்டு. நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினால் துடைப்பம் மாதிரி நிற்கும், ஆகவே கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து அங்கங்கே சீவி நுனியை மெலியவையுங்கள்.

மினுக்கத்துக்குப் பிஸ்கட் பை, சிப்ஸ் பையின் வெள்ளித் தாளை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறலாம். அதில் உள்ள அலுமினியப் படலம் உப்பில் சீக்கிரம் மங்கும், ஆனால் பொருள் ஓசி. ஜிகினாவும் போலிச் சரிகை இழையும் அதைவிட நிற்கும். ஒரு ஜிக்குக்கு நாலைந்து இழை, அவ்வளவுதான். சூடையும் நெத்தலியும் திரும்பும்போது ஒரு கணம்தான் மின்னும். முழுக்க மின்னுகிற இரை கடலில் கிடையாது.

நிறத்தில் நான் பெரிய நம்பிக்கைக்காரன் இல்லை. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, மேலே கொஞ்சம் நீலமோ பச்சையோ. மாரியில் மகாவலி வெள்ளம் இறங்கிக் கொட்டியாரக் குடா கலங்கும்போது இளமஞ்சட்பச்சை. இரவுக்குக் கறுப்பு, அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்துக்கு எதிரே கறுப்புத்தான் உருவமாகத் தெரியும். சிவப்பு நிறம் தண்ணீரில் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும். ஆழத்துக்குச் சிவப்பு என்று காசு செலவழிக்காதீர்கள்.

சாயம் ஏற்றுவது வீட்டு வேலை. மயிரும் இறகும் புரதம் ஆகையால், கேக்குக்குப் போடும் நிறமும் வினாகிரியும் கலந்த சுடுநீரில் நன்றாகப் பிடிக்கும். நைலோனும் இதே மாதிரி ஓரளவு ஏற்கும், பொலியெஸ்டர் ஏற்கவே ஏற்காது. தண்ணீர் கொதிக்கக்கூடாது, இறகு சுருளும். மஞ்சள்தூள் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், வெயில் பட்டால் பறந்துவிடும். தேயிலைச் சாயம் அதற்கு நேர்மாறு. மங்கலான இறால் நிறம், நாட்பட நிற்கும்.

தலைக்குப் பெயின்ட் பூசுவதற்கு முன் ஈயத்தை வினாகிரியில் துடைத்துக் காய வைத்து, வெள்ளை அடிப்பூச்சு ஒன்று கொடுங்கள். அதன் மேல் கியூட்டெக்ஸ் போதும், எந்த நிறமும் சின்னக் குப்பியில் வருகிறது. ஆனால் கியூட்டெக்ஸ் பாறையில் ஒரு தட்டு பட்டாலே சில்லாகப் பெயரும், அதன் மேல் மெல்லிய அரல்டைட் பூச்சு வேண்டும். ஐந்து நிமிட வகை சீக்கிரம் மஞ்சளாகும், மெதுவாக இறுகும் வகை தெளிவாக நிற்கும். கழுத்து நூலின் மேலும் அதையே பூசுங்கள். சுப்பர் குளூவை உள்ளே மட்டும் வையுங்கள், வெளியே பூசினால் அது வெடிப்பு விடும். அரல்டைட் இறுகும்வரை ஜிக்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்து துளியாகத் தொங்கும்.

பாலத்துக்கு முதலில் கட்ட வேண்டியது எது என்று கேட்டால்: 3/0 நீளத்தண்டு முள், நசுக்கிய ஈயம் 20 கிராம், கீழே மாட்டு வால் மயிர் கொஞ்சம், மேலே வெள்ளை ஆட்டுத் தாடி நடுவில் கட்டி மடக்கியது, நாலு இழை ஜிகினா, வெள்ளைத் தலை. மொத்த நீளம் உங்கள் நடுவிரல் அளவு. மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது என்றால் நீளத்தைக் குறையுங்கள், நிறத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். நிலாவெளிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல்: புறாத்தீவைச் சுற்றிய கடல் 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே எந்த ஜிக்கும் போடக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஜிக்கை நன்னீரில் அலசி, மயிரை விரலால் நேராக்கி, தலை மேலே இருக்கத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடினால் அடுத்த கிழமை முள்ளும் போயிருக்கும், மயிரில் கறையும் ஏறியிருக்கும். முள் துருப்பிடித்தாலும் ஈயத்தைக் கழற்றி எடுத்து வையுங்கள். அடுத்த முள்ளுக்கு அதுவே உதவும்.